ஆரணி ரைஸ் மில்லில் ஒரு பழைய டைனமோ: விற்பதா, வைத்திருப்பதா?

ஆரணிக்குப் பக்கத்தில் தாத்தா நடத்திய ரைஸ் மில் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே பெரிய சக்கரம் வைத்த ஆயில் இன்ஜின், பெல்ட்டில் ஓடும் டைனமோ, "கருங்கல்" பலகையில் பதித்த சுவிட்சுகள், சுவர் நெடுகப் பீங்கான் பிடிகளில் போகும் ஒயர் எல்லாம் அப்படியே இருக்கின்றன. காயிலாங்கடைக்காரர் எடைக்கு விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். இவற்றைக் காப்பாற்றுவதில் அர்த்தம் உண்டா, உண்டென்றால் எப்படி என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். டைனமோவின் பித்தளைத் தகட்டில் உள்ளதையும் எழுதி அனுப்பியிருக்கிறார்: 220 வோல்ட், 23 ஆம்பியர், நிமிடத்துக்கு 1200 சுற்று, ஷண்ட்.

தம்பி, முதலில் அந்தக் காயிலாங்கடைக்காரரிடம் "இப்போது இல்லை" என்று சொல்லிவிடுங்கள். அவர் கண் இன்ஜின் மேல் இல்லை, டைனமோவுக்குள் இருக்கும் செம்பின் மேல் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஆர்மேச்சரை, அதாவது டைனமோவுக்குள் சுழலும் பாகத்தை, பிளந்து செம்பை உருவிவிடுவார்கள். பிறகு நீங்கள் மனம் மாறினாலும் மிஞ்சுவது வெறும் வார்ப்பிரும்பு.

நீங்கள் அனுப்பிய நான்கு விவரங்களே நிறையச் சொல்கின்றன. 220 வோல்ட்டை 23 ஆம்பியரால் பெருக்கினால் சுமார் 5 கிலோவாட். 40 வாட் பல்புகளாகக் கணக்கிட்டால் நூற்றுக்கு மேல் எரியும். ஒரு மில்லுக்கு அவ்வளவு விளக்கு தேவைப்பட்டிருக்காது. மில்லைச் சுற்றியிருந்த வீடுகளுக்கோ, தெருவுக்கோ, கோயில் திருவிழாவுக்கோ அங்கிருந்து கம்பி போயிருக்க வேண்டும். ஊரில் எண்பது வயதைத் தாண்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் தாத்தா நெல் மட்டும் அரைக்கவில்லை, ஒரு சின்ன மின் நிலையத்தையும் நடத்தியிருக்கிறார்.

ஷண்ட் என்ற சொல்லையும் கவனியுங்கள். காந்தத்தை உண்டாக்கும் ஃபீல்டு காயில், ஆர்மேச்சருக்குப் பக்கவாட்டில் இணைக்கப்பட்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். இத்தகைய டைனமோவை ஓட்ட பேட்டரியோ வெளியிலிருந்து மின்சாரமோ வேண்டாம். காந்த முனைகளின் இரும்பில், கடைசியாக ஓடிய நாளின் காந்தம் கொஞ்சம் மிச்சமிருக்கும். சுழலத் தொடங்கியதும் அந்த மிச்சம் ஒரு சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். அது காயில் வழியாகப் போய்க் காந்தத்தை இன்னும் வலுவாக்கும். அது மேலும் மின்னோட்டத்தைப் பெருக்கும். சில நொடிகளில் 220 வோல்ட் நிற்கும். எத்தனையோ ஆண்டுகள் இருட்டில் கிடந்த இரும்பில் அந்த மிச்சம் இன்னமும் இருக்கக்கூடும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். அதைச் சுத்தியலால் தட்டாதீர்கள், தீயில் காட்டாதீர்கள். இரண்டும் அந்தக் காந்தத்தைக் குறைத்துவிடும்.

அந்த டைனமோ ஏன் அங்கே வந்தது, ஏன் நின்றது என்பதற்கு இந்தப் பகுதியின் மின்சார வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தென்னிந்தியாவில் பெரிய அளவு மின்சாரம் முதலில் 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து புறப்பட்டது. காவிரி அருவியில் எடுத்த அந்த மின்சாரம் 92 மைல் கடந்து கோலார் தங்கவயலுக்குப் போனது. வட ஆற்காட்டிலிருந்து அங்கே போய்ச் சுரங்கத்தில் இறங்கியவர்கள் ஏராளம். ஆக, நம் கிராமங்களில் ஒரு பல்பும் எரியாத காலத்திலேயே நம் ஊர்க்காரர்கள் மின்சாரத்தின் பக்கத்தில் நின்று வேலை செய்திருக்கிறார்கள். அதன் பிறகு நீலகிரியில் பைகாரா 1932-இல் வந்தது. 3000 அடிக்கு மேல் உயரத்திலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர், விளிம்பில் கிண்ணங்கள் வைத்த பெல்டன் சக்கரங்களைச் சுழற்றிய நிலையம் அது. 1937-இல் மேட்டூர் அணை மின் நிலையம் ஓடத் தொடங்கியது. வட ஆற்காட்டுக்கு வந்த அரசு மின்சாரம் மேட்டூர் மின்சாரம்தான்.

அதற்கு முன்பும், அது எட்டாத இடங்களில் அதற்குப் பின்பும், மின்சாரம் வேண்டியவர் தாமே ஒரு ஆயில் இன்ஜினும் டைனமோவும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ரைஸ் மில், தோல் ஷாப்பு, டாக்கீஸ் எல்லாம் அப்படித்தான் ஒளி பெற்றன. டைனமோ தருவது டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். மேட்டூரிலிருந்து வந்தது ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடுவது. இரண்டும் ஒட்டாது. மின்கம்பம் ஊருக்குள் வந்த அன்று டைனமோவுக்கு வேலை போயிற்று. பல இடங்களில் உடனே கழற்றிப் போட்டுவிட்டார்கள். உங்கள் தாத்தா அதைக் கழற்றாமல் விட்டிருக்கிறார். அதற்காக அவரை வணங்கத் தோன்றுகிறது.

ஒரு பழைய மின் கருவிக்கு மதிப்பு வருவதே அதன் தொடர்பால்தான். காட்சிக்கூடத்தில் தனியாக வைத்த டைனமோ ஒரு இரும்பு உருண்டை. அதே டைனமோ, அதைச் சுழற்றிய இன்ஜின், இரண்டுக்கும் நடுவில் உள்ள பெல்ட், அங்கிருந்து போர்டுக்குப் போகும் ஒயர், போர்டிலிருந்து விளக்கு வரை போகும் ஒயர் என்று முழுச் சங்கிலியும் ஒரே இடத்தில் இருந்தால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூட எண்ணெய் எப்படி வெளிச்சமாகிறது என்பதை நடந்தே பார்த்துப் புரிந்துகொள்ளும். உங்களிடம் இருப்பது அந்த முழுச் சங்கிலி. எனக்குத் தெரிந்து நம் பக்கத்தில் இப்படி முழுதாக மிஞ்சியவை மிகக் குறைவு. ஆகவே "டைனமோவை மட்டும் வைத்துக்கொண்டு இன்ஜினை விற்கலாமா" என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: கூடாது.

பெரிய நிலையங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்த்தால் என் பதற்றம் உங்களுக்குப் புரியும். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-இல் தொடங்கி, 450 மெகாவாட் வரை வளர்ந்து, 2017-இல் மூடப்பட்டது. நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் சோவியத் உதவியோடு 1962-இல் மின்சாரம் தந்தது. 600 மெகாவாட் வரை போன அந்த நிலையம் 2020-இல் நின்றது. நாட்டில் வேறெங்கும் அதற்கு முன் பழுப்பு நிலக்கரியை வைத்து அந்த அளவில் யாரும் மின்சாரம் எடுத்ததில்லை. தமிழ்நாட்டில் இரண்டு தலைமுறை இரவில் படித்தது இவற்றின் வெளிச்சத்தில். மூடியதும் எல்லாம் ஏலத்துக்குப் போகிறது, டன் கணக்கில் விலை போகிறது. முழு நிலையத்தையும் வைத்திருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். நிலம் வேண்டும், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) போன்ற நச்சுப் பொருள்களை அகற்ற வேண்டும், செலவு பெரியது. ஆனால் ஒரு டர்பைன் ரோட்டர், ஒரு முழுக் கட்டுப்பாட்டு அறைப் பலகை, ஷிப்ட் லாக் புத்தகங்கள், வரைபடங்கள் ஆகியவற்றுக்கு ஒரு கூடம் போதும்.

ரயில்வேயைப் பாருங்கள். 1855-ஆம் ஆண்டு நீராவி இன்ஜினைக்கூடச் சரிசெய்து ஓட்டிக் காட்டுகிறார்கள், ஊருக்கு ஊர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். மின்சாரத் துறைக்கு அந்தப் பழக்கமே வரவில்லை. ரோமில் 1912-இல் கட்டிய மோன்டேமார்ட்டினி என்ற மின் நிலையத்தை 1997-இல் அருங்காட்சியகமாக்கினார்கள். பெரிய டீசல் இன்ஜின்களை நகர்த்தாமல் அப்படியே விட்டு, அவற்றின் நடுவே பழங்காலப் பளிங்குச் சிலைகளை நிறுத்தினார்கள். கறுத்த இரும்புக்கு முன்னால் வெள்ளைச் சிலை. பார்க்க வருபவர்கள் இரண்டையும் ஒரே மரியாதையோடு பார்க்கிறார்கள்.

சட்டத்தின் உதவி உங்களுக்குக் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1958-ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டமும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் பொதுவாக நூறு ஆண்டு வயதைக் கேட்கின்றன. மேட்டூரில் 1937-இல் வைத்த இயந்திரத்துக்கே 2037-இல்தான் அந்த வயது வரும். மின்சாரம் நூறு ஆண்டு காத்திருக்கும் பொருளில்லை. முப்பது, நாற்பது ஆண்டில் புதியது வந்து பழையதைத் தள்ளிவிடும். எனவே வயது வரும்வரை காப்பாற்றுவது உங்களைப் போன்ற உரிமையாளர் கையில்தான் இருக்கிறது.

இனி வேலைக்கு வருகிறேன்.

எதையும் துடைப்பதற்கு முன், எதையும் நகர்த்துவதற்கு முன், படம் எடுங்கள். நான்கு பக்கமும், மேலிருந்தும், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து எடுங்கள். பித்தளைத் தகடுகளின் மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால், கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் வரிசை எண்ணும் விழும். தகட்டைப் பளபளவென்று பாலிஷ் போட்டுவிடாதீர்கள். எழுத்துக்குள் நிரப்பிய கறுப்பு வண்ணம் போய்விட்டால் பிறகு எதுவும் படிக்க முடியாது. இன்ஜின் சக்கரத்தின் விட்டம், டைனமோவில் பெல்ட் ஓடும் புல்லியின் விட்டம் இரண்டையும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். டைனமோ 1200 சுற்று என்று தெரியும், ஆகவே இன்ஜின் எத்தனை சுற்றில் ஓடியது என்பதை நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். ஒவ்வொரு ஒயர் முனையிலும் எண் போட்ட அட்டையைக் கட்டி, எது எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரையுங்கள். அழகாக வர வேண்டியதில்லை.

அந்த மில்லில் வேலை பார்த்த இன்ஜின் டிரைவர் யாராவது உயிரோடு இருந்தால், மற்ற எல்லா வேலையையும் விட்டுவிட்டு அவரிடம் போங்கள். காலையில் எப்படிக் கிளப்பினார், இன்ஜினின் தலைப்பகுதியை ஊது விளக்கால் எவ்வளவு நேரம் சூடு காட்டினார், பெல்ட் வழுக்கினால் என்ன பூசினார், வோல்ட் ஏறினால் எதைத் திருகினார் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். இயந்திரம் இன்னும் ஐம்பது ஆண்டு நிற்கும், அவர் நிற்க மாட்டார். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஃபோர்மேன், ஒரு மரக்கட்டையின் ஒரு முனையைப் பேரிங் மேலும் மறு முனையைக் காதிலும் வைத்துக் கேட்டு, "இன்னும் ரெண்டு மாசம் தாங்கும்" என்பார். அது சரியாகவே இருக்கும். அவர் என்ன கேட்டார் என்பதை நான் எழுதி வைக்கவில்லை. இன்று வரை அது என்னை உறுத்துகிறது.

அடுத்தது கூரை. ஓடு உடைந்திருந்தால் முதல் பணத்தை அதற்குச் செலவழியுங்கள். நம் பக்கத்து வெயில் இயந்திரத்தைக் கெடுக்காது. ஐப்பசி, கார்த்திகை மழைதான் கெடுக்கும். பழைய டைனமோவின் காயிலில் இருப்பது பருத்தி நாடா, அரக்கு, மைக்கா. பருத்தி ஈரத்தைக் குடிக்கும். எலி அதைக் கடிக்கும். கதவுக்கடியில் தகடு அடித்து, ஜன்னலில் வலை போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. கரையானுக்கு மரத் தாங்கிகளைப் பாருங்கள்.

சுத்தம் செய்யும்போது தண்ணீர் பீய்ச்ச வேண்டாம், அழுத்தக் காற்றும் வேண்டாம். தூசி உள்ளே போய் உட்கார்ந்துவிடும். மெல்லிய தூரிகை, உறிஞ்சும் இயந்திரம் போதும். இன்ஜினின் பளிச்சென்ற எஃகுப் பாகங்களில் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மெல்லிதாக எண்ணெய் பூசுங்கள். பழைய வண்ணத்தைச் சுரண்டிவிட்டுப் புதுப் பெயின்ட் அடிப்பதுதான் நம் ஊரில் காப்பாற்றுவது என்று நினைக்கிறார்கள். அந்தப் பழைய வண்ணமும் ஒரு சான்று, விட்டுவிடுங்கள். டைனமோவின் கம்யூட்டேட்டர், அதாவது கார்பன் பிரஷ் உரசும் செம்பு வளையம், பழுப்பாக மினுங்கினால் அது அழுக்கு என்று எண்ண வேண்டாம். நன்றாக ஓடிய இயந்திரத்துக்கு மட்டும் வரும் நிறம் அது. அதை எமரித் தாளால் தேய்த்துவிட்டால் இரட்டைக் கேடு. நிறமும் போகும், எமரித் துகள் செம்புப் பட்டைகளுக்கு நடுவே தங்கி மின்சாரத்தைக் கடத்தும். பெல்ட் தோலாக இருந்தால் விளக்கெண்ணெயைக் கையால் மெல்லப் பூசி ஊற விடுங்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலைக் கையாண்ட பெரியவர் யாராவது கிடைத்தால், அந்தத் தோலைத் தொட்டுப் பார்த்தே நிலையைச் சொல்வார்.

நீங்கள் கருங்கல் என்று எழுதிய போர்டு கருங்கல் இல்லை. பள்ளிக்கூடத்தில் எழுதினோமே, அதே சிலேட்டுக்கல். வசதியுள்ளவர்கள் பளிங்கில் செய்துகொண்டார்கள். அதில் உள்ள கத்தி சுவிட்சுகளுக்கு மூடி கிடையாது. மின்சாரம் வந்தால் முன்பக்கம் முழுவதும் தொட்டால் ஷாக் அடிக்கும் செம்பு. இன்றைய இணைப்பு எதுவும் அந்தப் போர்டுக்கு வரவில்லை என்பதை ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து உறுதி செய்யுங்கள். எத்தனையோ மில்களில் பிற்காலத்தில் ஏசி லைனை அதே போர்டில் கட்டிவிட்டிருக்கிறார்கள். சுவரில் போகும் ஒயர், ரப்பர் மேல் பருத்திப் பின்னல் போட்டது. ரப்பர் இப்போது அப்பளம் போல நொறுங்கும். வளைக்கவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம், பார்வைக்கு மட்டும் விடுங்கள்.

ஆபத்துகளையும் சொல்லியாக வேண்டும். இன்ஜினின் புகைக் குழாயில் வெள்ளையாகக் கயிறு சுற்றியிருந்தால் அது கல்நாராக இருக்கலாம். பிய்க்காதீர்கள், ஈரத்துணியால் மூடி அப்படியே விடுங்கள். மில்லில் பழைய டிரான்ஸ்ஃபார்மரோ கப்பாசிட்டரோ இருந்தால் அதன் எண்ணெயைத் தொட வேண்டாம். ஒரு காலத்தில் பாலிகுளோரினேட்டட் பைபீனைல் என்ற நஞ்சை அவற்றில் நிரப்பினார்கள். அதன் பயன்பாட்டை 2025 டிசம்பர் 31-க்குள் நிறுத்த வேண்டும் என்று இந்திய அரசு 2016-லேயே ஆணையிட்டது. எண்ணெயைச் சோதித்த பிறகே அடுத்த அடி. பழைய டாக்கீஸ் சாமான் எதுவும் உங்கள் தாத்தா வாங்கி வைத்திருந்தால், கைகால் முளைத்தது போன்ற பெரிய கண்ணாடிக் குடுவை இருக்கிறதா என்று பாருங்கள். புரொஜெக்டரின் கார்பன் விளக்குக்கு டிசி தருவதற்காக வைத்த பாதரசக் குடுவையாக அது இருக்கலாம். ஓடும்போது உள்ளே நீலநிறம் துள்ளும், அவ்வளவு அழகு. உடைந்தால், வேலூர் மே மாத வெயிலில் பாதரசம் ஆவியாகி மூச்சில் ஏறும். அதை நீங்கள் தூக்கக்கூடாது.

ஓட்டிப் பார்க்கலாமா? இந்த ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் உண்டு. அவசரப்படாதீர்கள். டைனமோவை 500 வோல்ட் மெக்கர், அதாவது மின்காப்பு எவ்வளவு தாங்கும் என்று சோதிக்கும் கருவி, வைத்து அளக்க வேண்டும். ஒரு மெகாஓம்கூட வராவிட்டால் ஈரம் குடித்திருக்கிறது. தார்ப்பாயால் மூடி உள்ளே பல்புகளை எரியவிட்டு, 60, 70 டிகிரிக்கு மேல் போகாமல் நாள்கணக்கில் உலர்த்த வேண்டும். இன்ஜின் பிஸ்டன் பிடித்துக்கொண்டிருந்தால் டீசலும் மண்ணெண்ணெயும் ஊற்றி வாரக்கணக்கில் ஊற விடலாம், அடித்து நகர்த்தக்கூடாது. இன்ஜினின் பெரிய சக்கரத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அந்த இன்ஜினை இனி ஓட்டவே கூடாது. வார்ப்பிரும்புச் சக்கரம் ஓட்டத்தில் பிளந்தால் சுவரையே துளைத்துக்கொண்டு போகும். என் எண்ணம் இது: கையால் மெல்லச் சுற்றும் நிலைக்குக் கொண்டுவாருங்கள், அது போதும். வருபவர்களுக்குக் காட்ட, போர்டுக்குப் பக்கத்தில் தனியாக 12 வோல்ட்டில் ஒரு பழைய மாதிரி பல்பை எரிய விடலாம்.

யாரிடம் கொடுப்பது என்ற கேள்விக்கு, இருந்த இடத்திலேயே வைப்பதுதான் முதல் வழி. மில்லின் அந்த ஒரு மூலையை மட்டும் பூட்டி வைத்து மற்ற இடத்தைக் கிடங்காக வாடகைக்கு விடுங்கள். முடியாவிட்டால் வேலூர் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தையோ, பாகாயத்தில் உள்ள தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரியையோ எழுத்து மூலம் அணுகலாம். கொதிகலன் துணைக் கருவிகளைச் செய்யும் ராணிப்பேட்டை பெல் (BHEL) தொழிற்சாலை போன்ற இடங்களில் இதை மதிக்கத் தெரிந்த பொறியாளர்கள் இருப்பார்கள். எங்கே கொடுத்தாலும் தொகுப்பைப் பிரிக்கக்கூடாது, வாசலில் மழையில் அலங்காரமாக வைக்கக்கூடாது, வேண்டாமென்றால் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். நான் பணியில் இருந்த காலத்தில் ஒரு நிலையத்தில், மூன்று எண்ணெய்த் தொட்டி வைத்த பழைய பிரேக்கர் (மின்சாரத்தைத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்) ஒன்றைக் காட்சிக்கு வைப்பதாகச் சொல்லி எடுத்துப் போனார்கள். அடுத்த ஆண்டு போய்ப் பார்த்தபோது தொட்டிகளில் செடி வைத்திருந்தார்கள். தகடுகளைக் காணோம். வாய்வார்த்தையை நம்பியது என் தவறு.

உங்கள் ஊர்க் கிணறுகளையும் ஒரு பார்வை பாருங்கள். மாடு கட்டி இறைத்த கவலை ஏற்றம் போய் ஆயில் இன்ஜின் வந்தது, அது போய் மோட்டார் வந்தது. பாறை நிலமான வட ஆற்காட்டில் தண்ணீர் இறங்க இறங்க, கிணற்றுக்குள் மேடை கட்டி மோட்டாரையும் இறக்கினார்கள். கடைசியில் ஆழ்துளைக் கிணறும் நீர்மூழ்கி மோட்டாரும் வந்ததும் பழையவை மோட்டார் கொட்டகையிலேயே கிடக்கின்றன. கோவையில் 1930-களில் மோட்டார் செய்யத் தொடங்கிய பட்டறைகளின் பழைய தகடு ஏதாவது அவற்றில் கிடைத்தால், அதன் எடைக்கு நூறு மடங்கு மதிப்பு என்று உரியவரிடம் சொல்லுங்கள். மில்லின் மூலையில் அதற்கும் இடம் இருக்கும்.

நான் காட்பாடியில் இருக்கிறேன், மெக்கர் என்னிடம் உண்டு. சம்பா அறுவடை முடிந்து உங்களுக்கு ஓய்வு கிடைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்கள், வருகிறேன். அதற்குள் படங்களையும் புல்லி அளவுகளையும் எடுத்து வையுங்கள். அதுவரை டைனமோவின் மூடியை யாரும் திறக்க வேண்டாம்.